மெயின் சுவிட்சும் ஐந்தாம் மாடி மூச்சும்

அவைக்கு அணியாக அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசிப் பேசியே தொண்டை வறண்டுபோன செயலாளர் அவர்களே! சான்றோர்களே, தாய்மார்களே, வண்டி நிறுத்தும் இடத்துக்காக வாள் வீசினாலும் மழை வந்தால் ஒரே கூரையின் கீழ் ஒதுங்கும் அன்புக் குடியிருப்பாளர்களே, வணக்கம்!

நம் சங்கத்தின் ஆபத்துக்காலத் திட்டம் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குத் திட்டம் வகுக்கத் தெரியாது. நடந்ததைச் சொல்லத் தெரியும்.

சென்ற பெருமழையில் நம் அடித்தளத்துக்குள் வெள்ளம் புகுந்தது. புகுந்த வெள்ளம் பெருகியது. பெருகிய வெள்ளம் மின்பெட்டியை எட்டிப் பார்த்தது. முழங்கால் நீரில் நின்று வண்டி தள்ளிக்கொண்டிருந்தீர்கள் நீங்கள். செயலாளர் ஓடிப்போய் வாசலில் இருந்த மெயின் சுவிட்சில் கை வைத்தார். அப்போது ஐந்தாம் மாடி பால்கனியிலிருந்து ஓர் அலறல்!

"கரண்ட கட் பண்ணாதீங்க! அவர் மெஷின்லதான் மூச்சு விடுறார்!"

அலறியவள் நான். பின்வரிசையில் சிரிக்கிறீர்களே, ஐயா, இதே தொண்டைதான்! அன்றைக்கு மைக்கும் இல்லை!

அணைத்தால் என் கணவர். அணைக்காவிட்டால் உங்கள் கணவர், உங்கள் பிள்ளை. என்ன செய்வார் அந்த மனிதர்? கையை எடுக்காமல் கத்தினார். "எல்லாரும் தண்ணிய விட்டு மேல வாங்க! வண்டி போனாப் போகட்டும்! அக்கா, வேற வழி ஏதாவது இருக்கா?"

"ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கு தம்பி! எனக்கு மாட்டத் தெரியலையே!"

என் மகன்தான் வழக்கமாக மாட்டுவான். அவன் அன்று வெளியூரில். சிலிண்டரை உருட்டிக்கொண்டு நான் நிற்கையில், எதிர்வீட்டு மருமகள் உள்ளே வந்தாள்.

"தள்ளுங்க அத்தை, நான் நர்ஸ்தான்."

"நீ நர்ஸாம்மா?"

"உங்க வீட்டுல இரையிறது ஏசின்னு நெனச்சேன் அத்தை!"

நாலடி தூரத்தில் எதிரெதிர்க் கதவுகள். அவள் ஏதோ ஆபீசுக்குப் போகிறாள் என்று நான். நாங்கள் குளுகுளுவென்று வாழ்கிறோம் என்று அவள்! திருகினாள், மாட்டினாள், காது வைத்துக் கேட்டாள். பிறகு பால்கனிக்கு ஓடினாள். "அணைங்க சார்!"

இருண்டது கட்டடம். இருளவில்லை எவர் வாழ்வும்.

கொஞ்சம் தெளிந்ததும் என் கணவர் முகமூடியை விலக்கிக் கேட்டார். "அந்தப் பொண்ணு பேர் என்ன?"

எனக்குத் தெரியவில்லை, ஐயா. உயிரைக் காத்தவளின் பெயர் தெரியவில்லை!

மணல்மூட்டை வேண்டும், மறுக்கவில்லை. தீயணைப்பான் வேண்டும், தடுக்கவில்லை. ஆனால் படியிறங்க முடியாதவர் யார்? மணி அடித்தால் கேட்காதவர் யார்? மருந்தை ஐஸ்பெட்டியில் வைத்துக் காப்பவர் யார்? கேட்காமல் எப்படித் தெரியும்? கேட்பதற்கு என்ன கூச்சம்? ஊர்வம்புக்குத் தட்டுகிற கதவை உயிருக்காகத் தட்டக்கூடாதா?

கேளுங்கள்! இன்றிரவு சோறு ஆறினாலும் பரவாயில்லை, எதிர்வீட்டைத் தட்டி, "உங்களுக்கு என்ன தேவைப்படும்?" என்று கேட்டுவிட்டுப் படுங்கள்!

இருமிக்கொண்டே கைதட்டும் என் கணவருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி கூறி, நலம் பெருக என வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்!