ஆயிஷா அக்கா வீட்டு டிரே

வேலை முடிந்து சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினேன். பக்கத்தில் நின்ற பெண் போனில் கணவரிடம் திடீரென்று கத்தினாள்.

"நேத்து டின்னருக்குத் தேனும் சோயா சாஸும் தடவி போர்க் ரோஸ்ட் பண்ணீங்களே, அது அந்தக் கறுப்பு டிரேலயா?"

போனை வைத்தபோது அவள் முகம் வெளுத்திருந்தது. கூட நின்ற தோழி, "என்னடி ஆச்சு?" என்றாள்.

"அது எதிர்வீட்டு ஆயிஷா அக்கா டிரே லா. கேக் சுட வாங்கியிருந்தேன். அவரு நம்மளோடதுன்னு நெனச்சிட்டாரு."

"ஐயோ, அவங்க முஸ்லிமாச்சே! திருப்பிக் குடுத்துட்டியா?"

"காலையிலயே குடுத்துட்டேன். எனக்குத் தெரியாதே!"

"சரி, அதுக்குள்ள அதுல எதுவும் செஞ்சிருக்க மாட்டாங்க."

அவள் போனை நீட்டினாள். தோழி ஆயிஷா அக்காவின் மெசேஜை வாய்விட்டுப் படித்தாள். "நோன்பு திறக்க அந்த டிரேலதான் கேக் சுட்டிருக்கேம்மா. உனக்கும் எடுத்து வெச்சிருக்கேன், வந்து வாங்கிக்க."

தோழி மணியைப் பார்த்தாள். "நோன்பு திறக்க இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு. இப்பவே போன் பண்ணு!"

"இத்தனை பேர் முன்னாடியா?"

"பண்ணு லா!"

பண்ணினாள். "அக்கா, அந்தக் கேக்கை யாரும் தொடாதீங்க. அந்த டிரேல நேத்து என் வீட்டுக்காரரு போர்க் செஞ்சிட்டாரு. சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

பெட்டியில் எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அக்காவின் பதிலுக்குக் காத்திருந்தாள்.