புறப்பாடு திரும்பிய பின் ஒட்டிய ஆணை

என் பெயர் சடகோபன், வயது எழுபத்திரண்டு, சின்ன காஞ்சிபுரம் சன்னதித் தெருவில் சொந்த வீட்டில் வசிக்கிறேன். பெருமாள் புறப்பாட்டில் முன்னே சென்று பிரபந்தப் பாசுரங்களை ஓதிச் சேவிக்கும் கோஷ்டியில் ஒருவன்.

என் எதிர்வீட்டில் குடியிருந்த சீனிவாசன் வருவாய்த்துறை உதவியாளர். அரசு ஊழியர் சங்கத்தின் வட்டக் கிளைச் செயலாளர். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஆனி மாத வேலைநிறுத்தத்தில் இருந்தார். அதைத் தடுக்க வந்த அவசரச் சட்டத்தைக் குறித்து, "சட்டசபையில வச்சிருந்தா ஒருத்தராவது எழுந்து ஏன்னு கேட்டிருப்பாரு சாமி. சபை கூடாதப்பவே போட்டுட்டாங்களே" என்று ஒரு மாலை என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை நான் கோயிலுக்குப் புறப்பட்டபோது அவர் வாசலில் நின்று கைகூப்பினார். கதவில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை. அதன் பிறகு பெருமாள் எழுந்தருளி, நாங்கள் சேவித்துக்கொண்டே தெருமுனைக்கு வந்தபோது, சீனிவாசன் மாரடைப்பால் இறந்துவிட்டதாக ஆள் வந்து சொன்னார். தெருவில் ஒரு வீட்டில் உடல் கிடக்கையில் பெருமாள் அத்தெருவுக்குள் எழுந்தருளும் வழக்கம் இல்லை, ஆதலால் பாசுரத்தைப் பாதியடியில் நிறுத்தினோம், பல்லக்கு திரும்பியது.

அதன் பிறகு நான் அவ்வீட்டு வாசலில் நிற்கையில், அலுவலக ஊழியர் வீரபாகு பசைக் கிண்ணமும் அச்சட்டப்படி சீனிவாசனைப் பணிநீக்கம் செய்த ஆணையுமாக வந்தார். உள்ளே உடலைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார். "நானும் போன வாரம் வரிக்கும் கொடி புடிச்சவந்தான்கா. இன்னிக்கு ஒட்டலன்னா என் வேலயும் பூடும்" என்று இறந்தவரின் மனைவி பெரியநாயகியிடம் சொன்னார். பெரியநாயகி, "ஒட்டுப்பா, நல்லா ஒட்டு. தோ படுத்துக்கினு இருக்காரு, கையிலயே குடேன். வாங்க மாட்டேன்றாருன்னு எழுதிக்கோ" என்றார். வீரபாகு தலைநிமிராமல் அதையே எழுதிக்கொண்டு, ஆணையைக் கதவில் ஒட்டிச் சென்றார்.

"நேரில் அளித்தபோது பெற மறுத்தார்" என்று அலுவலகம் இன்று காட்டும் குறிப்பு அதுவே. அதைக் கொண்டு, சீனிவாசன் இறக்குமுன்பே பணியிலிருந்து நீக்கப்பட்டவர் என்று சொல்லிப் பெரியநாயகிக்குக் குடும்ப ஓய்வூதியம் மறுக்கப்பட்டிருக்கிறது. சீனிவாசன் உயிரோடு இருந்தவரை எந்த ஆணையும் அவ்வாசலுக்கு வரவில்லை. ஆணை வந்தது பல்லக்கு திரும்பிய பிறகு. கோஷ்டியார் அனைவரும் அறிவர்.

தாள் மழையில் போய்விட்டது. பசை மட்டும் கதவில் வெளுத்து நிற்கிறது. அதன் பிறகு அப்பாசுரத்தைப் பலமுறை முழுவதுமாகச் சேவித்திருக்கிறோம். அவ்வாசலைக் கடக்கையில் மட்டும், அன்று நிறுத்திய அதே அடியில் கோஷ்டியின் குரல் ஒரு கணம் அறுந்து போகிறது. யாரும் சொல்லி நிறுத்துவதில்லை.

மேலே கண்டவற்றை எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே உள்ளன. கண்டதன்றி வேறு சொல்லவில்லை.

(ஒப்பம்) சடகோபன்