ஒடெஸாவுக்கு நாலு கோட்டு

...எட்டு! எண்ணிப் பாத்துட்டேன், எட்டு! தலைக்கு ரெண்டு கம்பளி உள்ளாடை, நாலு தலைக்கு எட்டு. இந்தக் கல்கத்தாவுல மார்கழி மாசம்கூட மெல்லிசா வாயில் புடவை கட்டிண்டு வேர்க்கறவ நான். எனக்குக் கம்பளியில உள்ளாடையாம்! உக்காரு ஜலஜா, நீ ஏன் நிக்கறே, உன் வீடுதானே. காப்பியெல்லாம் வேண்டாம். கலந்துட்டியா? சரி, கலந்ததை என்ன பண்றது, குடு. அரை டம்ளர்.

எங்கே விட்டேன்? ஆங், கப்பல்காரன் அனுப்பின கம்பளி லிஸ்ட். இவர் ஆபீஸ் ஸ்ட்ராண்ட் ரோடுல கப்பல் ஏஜென்ஸின்னு அன்னிக்கே சொன்னேனோன்னோ. இருபத்தஞ்சு வருஷம் ஒரே நாற்காலியைத் தேச்சவாளுக்கு மத்த கம்பெனியில கடியாரம் குடுப்பா. கட்டிண்டு வாய மூடிண்டு ஆத்துக்குப் போலாம். இவா என்னடான்னா சலுகை டிக்கெட்டுல குடும்பத்தோட கப்பல்ல ஏத்தி அனுப்பறா. எங்கே? ஒடெஸாவுக்கு! ருஷ்யா! சரக்குக் கப்பல்தான். மேல ஆறே ஆறு ரூம், பாசஞ்சருக்கு. கீழே சணல் மூட்டை, மேலே வைத்தீஸ்வரன் குடும்பம். போக ஒரு மாசம், வர ஒரு மாசம்.

பசங்க படிப்பா? நன்னாக் கேட்டே. மீனாக்ஷி பி.ஏ. எழுத வேண்டியது போன வருஷம். யூனிவர்சிடி இன்னும் தேதியே போடலை. ஒடெஸாவுக்குப் போயிட்டு வந்து, வேணும்னா இன்னொரு தரம் போயிட்டு வந்தும் எழுதலாம்.

அதுவும் எப்போ போறோம்? ஜனவரியில! கடலே கல்லாட்டம் உறைஞ்சு போற ஜனவரியில! மூளை இருக்கற மனுஷன் எவனாவது... என்னது? மே மாசமா? இருந்தது, ஆபீஸ் குடுத்த ஃபாரத்துல அதுவும் இருந்தது. மே மாசம்னா டிக்கெட் தலைக்கு ஆயிரத்து நூறு. ஜனவரின்னா எவனும் வரமாட்டான், அதனால அறுநூறு. நாலு பேருக்கு ரெண்டாயிரம் ரூபா மிச்சம்! இவர் ஃபாரத்தைக் கையில வச்சிண்டு மூணு நாள் யோசிச்சார். எனக்குப் பொறுமை ஏது? வெடுக்குன்னு பிடுங்கி ஜனவரியில நானே டிக் போட்டுக் குடுத்தேன். ஆமா, நான்தான். அதுக்காக? வேண்டாம்னு தடுக்க வேண்டியது புருஷன் கடமையில்லையா? இவர் 'பேஷ்'ங்கறார்.

இப்போ அந்த ரெண்டாயிரத்தைக் கம்பளி தின்னுடும் போல இருக்கு. இவர் பட்ஜெட் போட்டிருக்கார் பாரு, ஆபீஸ் நீள நோட்டுல செவப்புப் பென்சிலால கோடு கிழிச்சு. நிதி மந்திரி தோத்தான். அப்பளம் இருநூறு, பருப்புப் பொடி மூணு சேர், நார்த்தங்காய் ஒரு ஜாடி. ஏன்னா சமையல்காரன் ருஷ்யாக்காரன், அவன் போடற சூப்புல என்ன நீந்தும்னு ஈஸ்வரனுக்குத்தான் வெளிச்சம். அப்புறம் கடைசி வரி: 'எதிர்பாராத செலவு, பதினஞ்சு ரூபாய்.' ரெண்டு மாசம் நடுக்கடல்ல, நாலு பேருக்கு, பதினஞ்சு ரூபாய்! அதையும் எதிர்பாத்தே எழுதிட்டார். கையில எடுத்துண்டு போக சர்க்கார் தலைக்கு எட்டு டாலர்தான் குடுக்கறான். எட்டு டாலர்ல பிள்ளையாண்டான் சுந்தரேசன் காமிரா வாங்கணுமாம். அவன் அக்காவுக்கு முழங்கால் வரைக்கும் பூட்ஸ் வேணுமாம். எனக்கு? எனக்கு என்ன வேணும்னு யாரும் கேக்கலை.

சிரிக்காதே. நான் சொல்றேன் கேளு. கல்யாணமாகி இருபத்தோரு வருஷம் ஆச்சு. ஹவுராவுல மெட்ராஸ் மெயில் ஏறினா ஒண்ணு பிரசவத்துக்கு, இல்லேன்னா சாவுக்கு. நடுவுல ரெண்டு பூணூல், ஒரு சஷ்டியப்தபூர்த்தி. கான்வென்ட்ல மேப்புல, ஒடெஸா இருக்கற கருங்கடலைக் கலர் அடிச்சவ நான். மதர் அக்னஸ் 'வெரி நீட்'னு போட்டா. ஒரே ஒரு தடவை, யாரும் பொறக்காம யாரும் சாகாம, சும்மா ஒரு ஊருக்குப் போயிட்டு வரணும் எனக்கு. அவ்வளவுதான்.

போகாம இருக்கவும் முடியாதே! நவராத்திரிக்கு வந்தவா அத்தனை பேருக்கும் வெத்தலை பாக்கோட ஒடெஸாவையும் வச்சுக் குடுத்தாச்சு. லேக் மார்க்கெட் அப்பளக்கடைக்காரன்கூட 'மாமி, கப்பல் என்னிக்கு?'ங்கறான். இப்போ போகலைன்னா நான் எந்த மூஞ்சியோட கத்தரிக்காய் வாங்கறது?

வெள்ளிக்கிழமை கெடு. டிக்கெட்டுல எண்ணூறு கட்டியாச்சு, பாக்கி ஆயிரத்தறுநூறு அன்னிக்குக் கட்டணும். அது பீரோவுல இருக்கு, கவலையில்லை. கவலை எல்லாம் கோட்டு. கப்பல் டாக்டர்னு ஒருத்தன், அன்னிக்கே ஆபீசுக்கு வந்து ஒவ்வொரு ஓவர்கோட்டா எண்ணுவானாம். கோட்டு இல்லாத தலையைக் கப்பல்ல ஏத்தமாட்டானாம். எண்ணூறும் போச்சு! நியூ மார்க்கெட்டுல கேட்டேன், கோட்டு ஒண்ணு முன்னூத்தம்பதுங்கறான். வெலிங்டன் ஸ்கொயர்ல மலையிலேர்ந்து வந்து கடை போட்டிருக்காளே, அவாகிட்ட வெறும் ஸ்வெட்டர்தான். அதெல்லாம் கல்கத்தா குளிருக்கு. கல்கத்தா குளிர்! ராத்திரி ஃபேனை நிறுத்தினா இங்கே குளிர்காலம். மறுநாள் காலங்கார்த்தால பாபுக்கள்லாம் குரங்குக் குல்லா மாட்டிண்டு மீன் வாங்கப் போறா.

அதான் உங்கிட்ட வந்தேன். சுத்தி வளைக்க எனக்குத் தெரியாது. நீங்க டெல்லியிலேர்ந்து வந்தவா. டெல்லிக்காராகிட்ட வேற என்ன இருக்கோ இல்லையோ, குளிரும் கோட்டும் இருக்கும். உங்காத்துலயும் கணக்கா நாலு பேர். மார்ச் மாசம் டிரைக்ளீன் பண்ணி, இஸ்திரி போட்டு, ருஷ்யாவுலேர்ந்து ஒரு பொம்மையும் சேத்துத் தரேன். என்ன சொல்றே?

என்னது? இல்லையா? வரவே இல்லையா! எல்லாக் கம்பளியும் ஒரே மூட்டையிலயா? ஆகஸ்ட்ல முன்னாடியே லாரி பார்சல்ல போட்டதா? அடப்பாவமே. அப்புறம்? 'டெலிவரி ஆயிடுத்து'ங்கறானா? பொய்! புளுகு! அந்த பார்சல் கம்பெனி மேனேஜர் பொண்டாட்டி இந்நேரம் உன் கோட்டைப் போட்டுண்டு ஏரிக்கரையில காத்து வாங்கிண்டிருப்பா. உங்காத்துக்காரர் என்ன பண்ணினார்? கடுதாசி போட்டாரா... மூணா? எப்படி ஆரம்பிச்சார், 'கைண்ட்லி'ன்னுதானே? நெனச்சேன். கைண்ட்லின்னு எழுதினா குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்.

பேப்பர் எடு. பேனா எடு. நான் சொல்றேன், நீ எழுது. ஒரு கடுதாசியில மூட்டை வீட்டு வாசலுக்கு வரணும், வெள்ளிக்கிழமைக்குள்ள. 'டு, தி மேனேஜர்'னு போடு. மரியாதையெல்லாம் அதோட சரி. அடுத்த வரி, 'ஷேம்ஃபுல் நெக்ளிஜென்ஸ்'. ஷேம்ஃபுல்லுக்கு அடிக்கோடு. ரெண்டு கோடு போடு! அடுத்தவா சொத்துன்னு தெரிஞ்சும் தொட்டவன் படிச்சவனா இருந்தா என்ன, பாமரனா இருந்தா என்ன, திருடன் திருடன்தான்னு எழுது. நன்னா வரும் இங்கிலீஷ்ல.

இப்போ நஷ்டம். கோட்டு ஒண்ணு நானூறு. போடு! நாலு வருஷப் பழசுன்னா அவனுக்கென்ன தெரியும், நீ போய்ச் சொல்லப் போறியா? நாலு நானூறு ஆயிரத்தறுநூறு. மன உளைச்சலுக்குத் தனியா இருநூறு. எடுத்தவா யாரா இருந்தாலும் ஒரு பைசா கொறையாம எண்ணி வைக்கணும். இதுல தாட்சண்யமே கூடாது, ஜலஜா. நீ ரொம்ப சாது, அதான் எல்லாரும் ஏமாத்தறா.

ம், அடையாளம் சொல்லு. அடையாளம் இல்லாட்டா வேற எதையாவது தலையில கட்டுவான். உன் கோட்டு மெரூன்... கழுத்துல ரோமம்... சரி. பட்டன் மரத்துல, பெரிசு பெரிசா... ஒண்ணு மட்டும் கறுப்பா?... ஓ. பையனோடது நீலம்... முழங்கையில தோல் ஒட்டுப் போட்டு... மூட்டை எப்படி? சாக்குல தெச்சு... மேலே ஹிந்தியில பேரு...

கொஞ்சம் இரு. எழுதாதே. பேனாவை மூடு.

ஒண்ணுமில்லை. காப்பியில சக்கரை ஜாஸ்தி.

ஜலஜா, ஆகஸ்ட்ல இந்த வீடு பூட்டித்தானே கெடந்தது? கோஷ் பாபு காலி பண்ணிட்டார், நீங்க இன்னும் வரலை. அப்போ என் வாசல்ல, மாடிப்படி திரும்பற எடத்துல, பதினோரு நாள் ஒரு சாக்கு மூட்டை. பூனையெல்லாம் அதுமேலதான் தூங்கித்து. மேலே ஏதோ ஹிந்தியில எழுதியிருந்தது. நான் இங்கிலீஷ் படிச்சவ, தமிழ் படிச்சவ, பெங்காலி கடைப் போர்டு வாசிப்பேன். ஹிந்தி மட்டும் வராது. இவரையாவது கேட்டிருக்கலாம். கேக்கலை. கோஷ் பாபு விட்டுட்டுப் போன கந்தல்னு நானே தீர்மானம் பண்ணிட்டேன். அன்னிக்குன்னு பாத்து அந்தப் பாத்திரக்காரி வந்தா, பழந்துணிக்கு ஸ்டீல் பாத்திரம் தர்றாளே, கூடை நிறைய பளபளன்னு. பிரிச்சுப் பாத்தா ரசகற்பூரம் நாத்தம். ஆகஸ்ட் புழுக்கத்துல கோட்டு! அப்போ ஒடெஸா ஏது, கப்பல் ஏது? முதல்ல ஒரு கரண்டி தரேன்னா, திமிர் பிடிச்சவ. விடுவேனா நான்? ஒரு மணி நேரம் நின்னு பேரம் பேசி, நாலு அடுக்கு கேரியர், மூடியோட, ரெண்டு டம்ளரும் வாங்கினேன்! இவர்கிட்ட எவ்வளவு பீத்திண்டேன் தெரியுமா... போன வாரம் இந்தக் கம்பளி லிஸ்ட் வந்ததும் வயத்துல அடிச்சுண்டேன், கையில கெடச்ச நாலு கோட்டை விட்டோமேன்னு. உங்களோடதுன்னு சத்தியமா தோணலைம்மா.

டம்ளரை ஏன் எடுக்கறே? இன்னும் குடிச்சு முடிக்கலை.

அதுக்கு நீங்க கூலிக்காரனை நன்னா சொல்லி அனுப்பியிருக்கணும். பதினோரு நாளா யாரும் தேடி வரலைன்னா நான் என்ன பண்றது? சரி... சரி. நான் கேட்டிருக்கணும். கேக்கலை. கேரியரை இப்பவே கொண்டு வரேன். டம்ளரும். ஒண்ணு லேசா நசுங்கியிருக்கு.

ஆனா அந்த நானூறு கொஞ்சம் ஜாஸ்திதான் இல்லையா? நாலு வருஷப் பழசுன்னு நீயே சொன்னே. பட்டன் வேற மாத்தியிருக்கு. முழங்கையில ஒட்டு. மொத்தமா ஒரு எண்பது, நூறுன்னு வச்சுக்கலாமே... மன உளைச்சல்னு என்ன இருக்கு உனக்கு? நன்னாத்தானே இருக்கே, காப்பியெல்லாம் போடறே. ஆயிரத்தறுநூறுன்னா அது பீரோவுல இருக்கற டிக்கெட் பணம்டீ! அதைக் குடுத்துட்டா அப்புறம் கப்பல் ஏது, கருங்கடல் ஏது?

எழுதாதேன்னேனே! எதை அடிக்கறே? அந்த மேனேஜரை ஏன் அடிக்கறே, பாவம்... 'மிஸஸ் வைத்தீஸ்வரன், முதல் மாடி'யா! ஜலஜா! ஒரே படிக்கட்டுல இருக்கோம், இதுக்குப் போய் கடுதாசி எதுக்கு? நூறு வேண்டாம், நூத்தம்பது... இருநூறு... குனிஞ்ச தலை நிமிராம எழுதறியே! சரி, எழுது, தொகையைக்கூட அப்படியே விட்டுடு. அந்த ஷேம்ஃபுல்லையாவது அடிச்சுடேன். ரெண்டு கோடு வேற போட்டிருக்கே!