நீ நர்ஸ் இல்ல, ஷெல்பி

அந்தக் கை வேண்டாம்மா, பிரஷர் பட்டையை இந்தக் கையில கட்டு. அந்தப் பக்கம்தான போன வாரம் மார்ல ஊசி விட்டு சதை எடுத்தாங்க, உன் கம்ப்யூட்டர்ல போடலையா? போட்டிருக்கா? அப்ப படிச்சுட்டு வர்றதுக்கென்ன. ஸ்வெட்டர் மேலயே சுத்தறியே, கையை ஏத்தி விட்டுக் கட்டு. இதே டொலீடோ ஊர்ல தலை நரைக்கற வரைக்கும் வார்டு பாத்த நர்ஸ் நான். என்கிட்ட இந்த அரைகுறை வேலையெல்லாம் வேண்டாம்.

கூட வந்தவங்களா? வெளியில கார்ல இருக்காங்க. வருவாங்க வருவாங்க, நீ பிரஷரைப் பாரு.

பேட்ஜ்ல என்ன போட்டிருக்கு? ஷெல்பி, மெடிக்கல் அசிஸ்டென்ட். ஆனா செவ்வாக்கிழமை போன் பண்ணி, டாக்டர் ப்ரூயிட்டோட நர்ஸ் பேசறேன்னியே. சொன்ன. எனக்கு ஒண்ணும் காது மந்தமில்ல. வாய் கூசல உனக்கு? சலவைக் கடைக்குப் பக்கத்துல ஒரு காலேஜ், அதுல வருஷம்கூட முழுசா இருக்காது, ஒரு பரீட்சை, ஒரு சர்டிபிகேட். அது நாடு முழுக்க நடக்கற பரீட்சையா? இருக்கட்டும். கார் ஓட்டறவனுக்கும்தான் பரீட்சை வெச்சு லைசென்ஸ் குடுக்கறான், அதுக்குன்னு அவனை விமானம் ஓட்ட விடுவாங்களா?

பேஷன்ட்டுங்க அப்படித்தான் கூப்பிடறாங்களா? கூப்பிட்டா இல்லைன்னு சொல்லு. நீ எடை பாக்கலாம், ரத்தம் எடுக்கலாம், டாக்டர் சொன்னா தடுப்பூசி குத்தலாம், பெட்டுக்கு மேல பேப்பர் மாத்தலாம். அவ்வளவுதான். இந்த மாத்திரையை நிறுத்துங்க, அந்த மாத்திரையைப் போடுங்கன்னு ஒரு வார்த்தை உன் வாயிலேர்ந்து வரக் கூடாது. எனக்கு என்ன நோயின்னு மனசுல நினைக்கக்கூட உனக்கு அதிகாரம் கிடையாது.

நூத்தி எழுபதா? இருக்கும். உன் மூஞ்சியைப் பாத்துட்டு ஏறாம என்ன பண்ணும்.

அந்த டிஷ்யூ டப்பாவை எதுக்கு என் பக்கம் நகத்தற? சும்மாவா. சும்மா யாரும் டிஷ்யூ டப்பாவை நகத்த மாட்டாங்க. அங்கயே வை.

இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக்குடுத்தது? ரிடையர் ஆகறதுக்கு முன்னாடி, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிளினிக்ல, உன்ன மாதிரி அசிஸ்டென்ட்டுங்களை மேய்ச்சதே நான்தான். தடவித் தடவி நரம்பு தேடுவாளுங்க, பாத்தாலே பத்திக்கிட்டு வரும். அவளுங்க போன்ல என்ன பேசலாம், பேசக் கூடாதுன்னு முதல் நாளே மண்டையில ஏத்திடுவேன். ரிசல்ட் நல்லா இருக்கா, டாக்டர் எழுதிக் குடுத்ததை நீயே படிச்சுச் சொல்லிடு. நல்லா இல்லையா, வாயைத் திறக்காத. நேர்ல வரச் சொல்லு, கூட ஒருத்தரைக் கூட்டிட்டு வரச் சொல்லு, போனை வை. இங்கயும் அதானே?

பதில் சொல்லாத. சொல்ல உனக்கு அனுமதி இல்ல, எனக்குத் தெரியும்.

செவ்வாக்கிழமை நீ எதையும் படிச்சுச் சொல்லல. போனை வெச்சுட்டு, அடுப்புல கொதிச்ச சூப்பை அப்படியே சிங்க்ல கொட்டினேன். எதுக்குக் கொட்டினேன்னு இன்னும் புரியல. நல்ல சூப்பு.

ஏய், நீ எதுக்கு அழற? இதுக்குத்தான் சொல்றேன் நீ நர்ஸ் இல்லைன்னு. நர்ஸா இருந்தா சாமான் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டு அழுவா. அந்த டப்பாவை நீயே எடுத்துக்கோ.

மூக்கைத் துடைச்சாச்சா? போய் டாக்டரைக் கூப்பிடு. இரு. கார்ல யாரும் இல்ல. என் வீட்டுக்காரர் ராய் போய்ச் சேந்து மூணு வருஷமாச்சு, பையன் என்கிட்ட பேசறதில்ல. கூப்பிட்டுட்டு நீயும் உள்ள வா. வந்து இந்த இன்னொரு நாற்காலியில உக்காரு. அதுக்கு உன் சர்டிபிகேட் போதும்.