பழைய சாவி

இராஜாக்கமங்கலத்திலிருந்து நாகர்கோவில் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள்.

"நம்ம கடற்கரை வீட்டுக்கு வாறதுக்கு நான் புக் பண்ணணுமாண்ணே?"

"வாடகைக்கு ஆள் வந்திருக்கும்போ நான் என்ன செய்யட்டும்? ஒரு போன் பண்ணியிருக்கலாம்லா."

"அப்பா இருக்கும்போ மே லீவுக்கு யாரு போன் பண்ணினா? இன்னைக்கு வந்து பாத்தா, பிள்ளையளு வாளியும் கையுமா வாசல்ல நிக்கி. அம்மை கிடந்த கட்டில்ல எவனோ கால நீட்டிக் கிடக்கான்."

கண்டக்டர் அவளுக்கு இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"பாத்தியா, சர்க்கார் பஸ்ஸுல கூட என்னைய சும்மா ஏத்துகான்."

"ஏட்டி, கோவப்படாத. அடுத்த மே மாசம் வீடு உனக்குத்தான்."

அவள் பையிலிருந்து துருப்பிடித்த சாவியை எடுத்தாள். "இது இப்பவும் சேருமா?"

சேரும் என்று அண்ணன் சொல்லிவிடமாட்டாரா என்று நான் முன்னால் குனிந்தேன்.

"பூட்ட மாத்தியாச்சு."

அவள் சாவியை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு, பிள்ளைகள் இருந்த கடைசி சீட்டுக்குப் போய்விட்டாள்.