தொண்டை அடைத்த நாளில் வென்ற ஆட்டம்

எண்பதுகளின் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை, பிரெஞ்சுத் தலைநகரின் லா சப்பல் மெத்ரோ ரயில் மேடையில் எனக்குப் பக்கத்தில் யாழ்ப்பாணத்தார் இருவர் வெங்காய மூட்டையை நடுவில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்கட கொலிஜ் ஃபுட்போல் ரீம் கடைசியா வெண்டது, கோச்சுக்குத் தொண்டை அடைச்ச அண்டைக்குத்தான்" என்றார் மீசைக்காரர்.

மற்றவர் சிரித்தார். "ஏன் அண்ணை, வந்த முதல் வருசமே அவர் கப் எடுத்துத் தந்தவரெல்லோ?"

"ஓம். அண்டைக்குப் போட்ட மாலையை மனுசன் பிறகு கழற்றவே இல்லை. கோட்டுக்கு வெளியிலை நிண்டு ஒவ்வொரு அடிக்கும் கத்துவார். அவர் சொல்லாமல் கோல் அடிச்சாலும் பேச்சு விழும்."

"கோல் அடிச்சதுக்கோ?"

"பின்னை? பந்து காலுக்கு வந்தா நாங்கள் கோலைப் பாக்கிறேல்லை, அவரின்ரை முகத்தைத்தான் பாப்பம். பாத்திட்டுக் குனிஞ்சா பந்து இராது. சின்னச் சின்னப் பள்ளிக்கூடமெல்லாம் எங்களை வெண்டுது."

ரயில் வந்தது. மூட்டையோடு அவர்கள் ஏற, நானும் ஏறினேன்.

"இப்ப ஆள் எங்கை?"

"இஞ்சைதான், பக்கத்திலை சார்செல்லிலை. ஞாயிற்றுக்கிழமையிலை எங்கட கிளப்பைப் பழக்கிறார்."

"ஐயோ, அந்தாளை ஆர் கூப்பிட்டது?"

"நான்தான்" என்றார் மீசைக்காரர், சிரிக்காமல். "ஆரும் கத்தாட்டி எனக்குக் கால் எழும்புதில்லை."