பின்பக்க ஸ்பீக்கரை அணைக்கச் சொன்னவன்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, நம் காதுக்காரரின் துணைவியார் அவர்களே, இந்த நடன மன்றத்தின் தரையைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய ஜோடிகளே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டே பழகியவன். எழுதி வந்ததைப் படிக்கிறேன், தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இருபத்தாறு ஆண்டுகள் நம் ஒலி அமைப்பாளராக இருந்து மறைந்தவரைக் காதுக்காரர் என்று ஏன் அழைத்தோம்? போட்டி நாளில் முதல் ஜோடி வருமுன்பே, மனைவியோடு வெறும் தரையில் ஒரு வால்ட்ஸ் நடனம் ஆடுவார். ஆட்டம் சுமார்தான்! அவர் ஆடியது கேட்பதற்காக. எந்த மூலையில் பேஸ் என்னும் அடித்தொனி குழம்புகிறது, எந்தச் சுவரோரம் தாளம் மங்குகிறது என்று காலால் சோதிப்பார்.

"இன்னும் எத்தனை சுத்துங்க? தலை கிறுகிறுங்குது" என்பார் அவர் துணைவியார்.

"அது கிடக்கட்டும். இங்க முதல் அடி தெளிவா கேக்குதா, அதச் சொல்லு."

இப்படிப்பட்டவரைப் பற்றி இங்கே ஒரு பேச்சு உண்டு. பதினொரு ஆண்டுகளுக்கு முன், இறுதிப் போட்டியில் பின்பக்க ஸ்பீக்கர்களைப் போட மறந்தார் என்று. மன்றத்தின் கூட்டக் குறிப்பேட்டிலும் 'ஒலி அமைப்பாளரின் கவனக்குறைவு' என்றே இருக்கிறது. அந்தப் பழியோடு அவரை வழியனுப்பலாமா?

அவர் மறக்கவில்லை, நண்பர்களே. அணைக்கச் சொன்னவன் நான்.

பின்வரிசை விருந்தினர்கள் சத்தம் அதிகம் என்றார்கள். யாரையும் மறுத்துப் பேச எனக்கு வராது. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"குறைக்கச் சொல்லுங்க சார், குறைக்கிறேன். அணைக்க வேணாம். முன்னாடி ஸ்பீக்கர் சத்தம் அந்தக் கோடிக்கு லேட்டாதான் போய்ச் சேரும். நீங்க முன்னாடி உக்காந்து பாக்கறப்ப, அங்க ஆடறவங்க தாளம் தப்புற மாதிரியே தெரியும்."

"இந்த ஒரு தடவை மட்டும்" என்றேன்.

"நடுவரே சொல்றப்ப நான் என்னத்த சொல்ல!" என்று அணைத்தார்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. பின்கோடியில் ஆடியவர்கள் நம் தையல்கார அம்மாவும் அவர் கணவரும். ஒவ்வோர் அடியும் இம்மியளவு பிந்தித் தெரிந்தது. காரணம் தெரிந்திருந்தும், கண்ணால் கண்டதைத்தான் எழுத வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, தாளப் பிழை என்று மதிப்பெண்ணைக் குறைத்தேன். அவர்கள் தோற்றார்கள்.

அதுபற்றி நடந்த விசாரணைக் கூட்டத்தில் ஸ்பீக்கரை அணைத்தது யார் என்று கேட்டார்கள். நான் எழ நினைத்தேன். எழவில்லை. அவர் எழுந்து, "என் கவனக்குறைவுதாங்க" என்றார். அதைக் குறிப்பேட்டில் எழுதியதும் இந்தக் கைதான்.

போன வாரம் துக்கம் விசாரிக்கப் போனபோது, அவர் துணைவியாரிடம் இதைச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் சார். அன்னைக்கே சொன்னாரு. எதுக்குப் பழிய ஏத்துக்கிட்டீங்கன்னு சண்டையே போட்டேன். 'அவரு எந்திரிக்கத்தான் பாத்தாரும்மா, ஒரு வாரத்துல அவரே சொல்லிடுவாரு, விடு'ன்னாரு."

ஒரு வாரம்! நான் பதினொரு ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன்.

தலைவர் அவர்களே, குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துத் திருத்தி, என் பெயரில் கையெழுத்திட்டிருக்கிறேன். மன்றம் அதை ஏற்க வேண்டும். இனி எந்தப் போட்டியிலும், நடுவர்கள் நான்கு மூலைகளிலும் நின்று கேட்ட பிறகே நாற்காலியில் அமர்வோம். அவர் பணியை இப்படித் தொடர்வோம் என்று உறுதி கூறுகிறேன்.

தையல்கார அம்மா, நீங்கள் மூன்றாவது வரிசையில் இருக்கிறீர்கள். உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் சொல்கிறேன். அன்று உங்கள் கால்கள் ஓர் அடிகூடத் தவறவில்லை.